மாத்திரையை எண்ணும் மகள்

கேள்வி:

எனக்கு 63 வயது. மனைவிக்கு 57. பினாங்கு, ஆயர் ஈத்தாமில் பிளாட் வீட்டில் இருக்கிறோம். கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லை. கோயில், டாக்டர் என்று ஏறி இறங்கி, என் 47ஆவது வயதில்தான் மகள் பிறந்தாள். இரண்டு வருடம் கழித்து மகன். இப்போது மகள் படிவம் 4, மகன் படிவம் 2. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்குப் பார்க்கிறேன். மனைவி வீட்டிலேயே தையல்.

போன வருடம் ரிப்போர்ட் கார்டு நாளில் மூன்றாவது மாடி வகுப்பறைக்கு ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். புது ஆசிரியர் மகளிடம் "தாத்தாவா?" என்று கேட்டுவிட்டார். அதிலிருந்து "பள்ளிக்கு அப்பா வேண்டாம், சித்தப்பா வரட்டும்" என்கிறாள். அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் எனக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்று வெளியூர் வேலை என்று சொல்லிச் சமாளித்தோம். ஒரு நாள் என் மருந்துப் பையைத் திறந்து மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அதட்டினேன்.

அவளுக்கு அனிமேஷன் படிக்க ஆசை. "நர்சிங் படி, சீக்கிரம் வேலை கிடைக்கும், நான் கண்ணை மூடுவதற்குள் நீ சொந்தக் காலில் நிற்க வேண்டும்" என்றேன். "எப்பப் பார்த்தாலும் சாவுப் பேச்சு" என்று கத்திவிட்டுப் போனவள், மூன்று வாரமாக என்னோடு பேசவில்லை. மகன் இரவு இரண்டு மணி வரை கைபேசியில் கேம். மனைவிக்கு முட்டிவலி, இனிப்புநீர் (சர்க்கரை நோய்). மல்லுக்கட்டத் தெம்பு இல்லை. பேரப்பிள்ளை மாதிரி செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். இந்த வயதில் எப்படிக் கண்டிப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பினாங்கு

பதில்:

அன்புள்ள ஐயா,

எப்படிக் கண்டிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிய ஓர் இடம் இருக்கிறது. மகள் உங்கள் மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது. எனக்கு அங்கேதான் மனது நின்றுவிட்டது.

அப்பாவை நினைத்து வெட்கம் மட்டும் படுகிற பிள்ளை அப்பாவின் மாத்திரையை எண்ணாது ஐயா. ஆஸ்பத்திரி மருந்துப் பை எப்படி இருக்கும் என்று நமக்கெல்லாம் தெரியும். ஒவ்வொரு மருந்தும் தனித்தனிப் பிளாஸ்டிக் பொட்டலத்தில் இருக்கும். மேலே ஒட்டிய சீட்டில் மருந்தின் பெயர், எத்தனை மாத்திரை, காலையா இரவா என்று மலாயில் அச்சடித்திருக்கும். படிவம் 4 படிக்கிற பெண் அந்தப் பெயரைக் கைபேசியில் தட்டினால் அது இதயத்துக்கான மருந்து என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வெளியூர் வேலைக்குப் போனதாகச் சொன்ன அப்பா, திரும்பி வந்து புதிதாக இத்தனை மாத்திரை சாப்பிடுகிறார். அம்மா முகத்திலும் கவலை தெரிந்திருக்கும். அவள் கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பாள். அப்புறம், நீங்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று பொட்டலத்தில் மிச்சத்தை எண்ணியிருப்பாள். அந்த நேரத்தில்தான் நீங்கள் அதட்டியிருக்கிறீர்கள்.

ரிப்போர்ட் கார்டு விஷயத்தையும் இந்தக் கண்ணோடு ஒரு தடவை பாருங்கள். ஆசிரியர் "தாத்தாவா?" என்று கேட்டது அவளுக்கு வலித்திருக்கும், சந்தேகமில்லை. அந்த வயதில் கூட இருக்கிற தோழிகளின் பார்வைதான் உலகம். ஆனால் அதே நாளில் அவள் இன்னொன்றையும் பார்த்தாள். மூன்று மாடி ஏறிவிட்டு அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். அதுவும் நீங்கள் ஆஸ்பத்திரியில் இருந்து வந்து இரண்டே மாதத்தில். "அப்பா வேண்டாம், சித்தப்பா வரட்டும்" என்றதற்கு அந்தப் படிக்கட்டும் காரணமாக இருக்கலாம். எது எவ்வளவு என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. நீங்கள் அவளிடம் கேட்கலாம்.

தாமதமாகப் பிறந்த பிள்ளைகள் ஆலோசனைக்கு வந்து உட்காரும்போது, கொஞ்சம் பழகிய பிறகு, பலரும் ஒரு கணக்கைச் சொல்வார்கள். அப்பாவுக்கு 70 ஆகும்போது எனக்கு 23. அம்மாவுக்கு 70 ஆகும்போது எனக்கு 29. என் கல்யாணத்துக்கு இருப்பார்களா? இந்தக் கணக்கை அவர்கள் யாரிடமும் சொல்வதில்லை, வீட்டில் நிச்சயமாகச் சொல்வதில்லை. அப்பா அம்மா பத்து வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை நாம், இதைக் கேட்டால் மனசு உடைந்துவிடும் என்று நினைத்து உள்ளேயே வைத்துக்கொள்வார்கள். நீங்களும் அதே கணக்கைத்தான் தினமும் போடுகிறீர்கள். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே பயத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, ஒருவர் நர்சிங் என்றும் இன்னொருவர் அனிமேஷன் என்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அதனால் முதல் வேலை, உண்மையைச் சொல்வது. பெரிய குடும்பக் கூட்டம் போட்டு, எல்லாரையும் உட்கார வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைகள் பாதி செத்துவிடுவார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு மருந்துப் பையைக் கொண்டுவந்து மேசையில் வையுங்கள். "போன வருடம் நான் வெளியூர் போகவில்லை. இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு இருந்தது. ஸ்டென்ட் என்று ஒரு சின்னக் கம்பி வலைக்குழாய் வைத்து அதைத் திறந்துவிட்டார்கள். இது ரத்தம் உறையாமல் இருக்க, இது கொழுப்புக்கு. டாக்டர் சொல்லாமல் எதையும் நிறுத்தக் கூடாது. உங்களிடம் மறைத்தது தப்பு. நீ எண்ணியபோது நான் அதட்டியதும் தப்பு." இவ்வளவு போதும். மகனும் அங்கே இருக்க வேண்டும். அவன் சின்னவன், விளையாட்டுப் பிள்ளை என்று விட்டுவிடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருக்கும் பிள்ளைக்கு இருட்டில் என்னென்ன நினைப்பு வருமோ, யாருக்குத் தெரியும்.

"அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது" என்று சத்தியம் பண்ணாதீர்கள். அவள் நம்ப மாட்டாள், நம்பவும் கூடாது. அடுத்த கிளினிக் தேதிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டரிடம் அவளே கேட்கட்டும்: அப்பா மாடி ஏறலாமா, எவ்வளவு நடக்கலாம், நெஞ்சு வலித்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும். 999ஐ அழைத்து வீட்டு முகவரி, பிளாட்டின் மாடி, பிளாக் எண் சொல்ல இரண்டு பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். என்ன செய்வது என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் பாதியாகக் குறையும். ஆனால் மாத்திரையைக் கவனிக்கிற பொறுப்பை அவள் தலையில் கட்டிவிடாதீர்கள். வாரத்துக்கு ஏழு கட்டம் போட்ட மாத்திரைப் பெட்டி மருந்துக் கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். அதை வாங்கி நீங்களே நிரப்பி, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வையுங்கள். காலியான கட்டத்தை அவள் பார்த்துக்கொள்வாள், எண்ண வேண்டியிருக்காது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். "நான் கண்ணை மூடுவதற்குள்" என்ற அந்தப் பேச்சு. உங்கள் பயம் நியாயமானது. 63 வயதில், ஸ்டென்ட் வைத்த பிறகு, 16 வயதிலும் 14 வயதிலும் பிள்ளைகள் இருக்கும்போது, பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் அந்தப் பயத்தை மகளின் படிப்பில் கொண்டுபோய் வைத்துவிட்டீர்கள். அதற்கு வேறு இடம் இருக்கிறது. வக்கீல் அலுவலகமும் ஊழியர் சேமநிதி (இபிஎஃப்) வாரியத்தின் கவுண்டரும்.

உயில் எழுதிவிட்டீர்களா? கடிதத்தில் இல்லை, அதனால் எழுதவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு உயில் சட்டம் இருக்கிறது. 18 வயது நிரம்பிய யாரும் எழுதலாம். எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். உயில்படி சொத்தைப் பெறப்போகிறவரோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் அவருக்கு எழுதியது செல்லாமல் போய்விடும். இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை, தம்பியையே சாட்சியாகப் போட்டுவிட்டுத் தம்பிக்கும் பங்கு எழுதிவிடுகிறார்கள். உயில் இல்லாமல் போனால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, உங்கள் பெற்றோர் இல்லாத நிலையில், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழ் இருந்தால் அவர்கள் பங்கு அறங்காவலர் பொறுப்பில் போகும். உங்கள் மனைவி அந்தப் பிளாட்டை விற்று வேறு சின்ன வீடு பார்க்கலாம் என்று நினைத்தால்கூட லேசில் முடியாது.

நீங்கள் இரண்டு பேரும் இல்லாமல் போனால் பிள்ளைகளுக்கு யார் பாதுகாவலர் என்பதையும் உயிலில் எழுதலாம். இதை எழுதுவதற்கு முன் பிள்ளைகளைக் கேளுங்கள். சித்தப்பாவா, பெரியம்மா மகளா, யார் வீட்டில் அவர்களுக்கு மூச்சு விட முடியும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். வயதில் உங்களைவிட இளையவராக இருப்பது நல்லது. சம்பந்தப்பட்டவரிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள்.

சேமநிதிப் பணம் உயிலில் போகாது, நீங்கள் அங்கே யார் பெயரைப் போட்டிருக்கிறீர்களோ அவருக்குப் போகும். பல வருடத்துக்கு முன் போட்ட பெயரை அப்படியே விட்டுவைத்தவர்கள் ஏராளம். அம்மா பெயரைப் போட்டிருப்பார்கள், அம்மா காலமாகியே பத்து வருடம் ஆகியிருக்கும். போய்ப் பார்த்து மாற்றுங்கள். கணக்கில் மிச்சம் இருந்தால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள். 100 வயது வரை விட்டுவைக்கலாம், லாப ஈவு வந்துகொண்டிருக்கும், மாதா மாதம் ஒரு தொகை வருகிற மாதிரியும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். பிள்ளைகள் படித்து முடிக்க இன்னும் ஏழெட்டு வருடம் இருக்கிற வீட்டுக்கு அது நல்லது.

இந்த வேலைகளை முடித்த பிறகு மகளிடம் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்: "எல்லாம் எழுதி வைத்துவிட்டேன், கோப்பு அலமாரியில் மேல் தட்டில் இருக்கிறது. நீ அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்." அதன் பிறகு சாவுப் பேச்சை வீட்டில் எடுக்காதீர்கள். கோபத்தில் எடுக்கவே கூடாது. "நான் போன பிறகு தெரியும்" என்பது நம் வீடுகளில் சாதாரணமாக வாயில் வருகிற பேச்சுதான். ஆனால் அப்பாவின் மாத்திரையை எண்ணுகிற பிள்ளைக்கு அது சாதாரணப் பேச்சு இல்லை.

படிப்பு விஷயத்துக்கு வருவோம். அவள் படிவம் 5 முடிவில் எஸ்பிஎம் தேர்வு எழுத இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. இன்றைக்கே முடிவு பண்ண வேண்டிய கட்டாயம் இல்லை. நர்சிங் நல்ல படிப்பு, மனது இருக்கிறவர்களுக்கு. மனது இல்லாத பிள்ளையை வார்டில் இரவு ஷிப்டில் நிறுத்தினால் அவளும் பாவம், நோயாளியும் பாவம். அனிமேஷன் என்றவுடன் கோலாலம்பூருக்கு ஓடிவிடுவாள் என்று நினைக்காதீர்கள். உங்கள் வீட்டுக்குக் கிட்டத்திலேயே, குளுகோரில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் (யுஎஸ்எம்) கலைத்துறை இருக்கிறது. சைபர்ஜெயா மல்டிமீடியா பல்கலைக்கழகத்திலும் இந்தத் துறை இருக்கிறது. எதில் சேர என்ன பாடத்தில் என்ன தேர்ச்சி வேண்டும், மொத்தச் செலவு எவ்வளவு, பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் எவ்வளவு கிடைக்கும், முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று அவளையே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். நர்சிங்குக்கும் அதே மாதிரி ஒரு தாள். நீங்கள் டெக்னீஷியனாக இருந்தவர், கணக்கு பார்க்கிறவர், எண்களை வைத்துப் பேசினால் உங்களுக்கும் மனது அமைதியாகும். பிடிபிடிஎன் கடன் கேட்க எஸ்எஸ்பிஎன் என்ற கல்விச் சேமிப்புக் கணக்கு இருக்க வேண்டும். இதுவரை திறக்கவில்லை என்றால் இப்போதே அவள் பெயரில் திறந்துவிடுங்கள். அனிமேஷனுக்கு நீங்கள் சம்மதம் சொன்னதாக ஆகாது, அவள் படிப்பை மதிக்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும்.

சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு ரொம்ப நொந்துபோயிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. வயதான பெற்றோர் என்றாலே செல்லம் கொடுத்துக் கெடுப்பார்கள் என்பது ஊர்ப் பேச்சு. நெதர்லாந்தில் 30,000க்கும் அதிகமான பிள்ளைகளைக் கவனித்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், வயது கூடிய பெற்றோருக்குப் பிறந்த 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் அடிதடி, முரட்டுத்தனம் போன்ற பழக்கங்கள் குறைவாகவே இருந்தன. பயம், கவலை விஷயத்தில் வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் கெடுத்துவிடவில்லை. உங்கள் மகள் கத்தினாள், பேசாமல் இருக்கிறாள். பதினாறு வயதுக்கு இது புதிதில்லை.

உங்கள் மனைவியைப் பற்றி இரண்டே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவர் பக்கத்தையும் கொஞ்சம் பாருங்கள். மகள் பெரிய மனுஷி ஆன சமயத்தில் அவருக்கு 52 வயது இருந்திருக்கும். பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் நிற்கிற காலம் அதுதான். தூக்கம் கெடும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், உடம்பு சுடும். அதே நேரத்தில் மகளுக்கும் உடம்பு மாறுகிறது, மனது மாறுகிறது. நாற்பது வயது அம்மாவுக்கு ஒரு நேரத்தில் ஒரு புயல்தான். உங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாக வந்தது. அந்த வருடங்களை அவர் தாண்டி வந்ததே பெரிது. முட்டிக்கு அரசாங்க கிளினிக்கில் சொல்லி பிசியோதெரபிக்கு எழுதி வாங்குங்கள். துணி காயப்போடுவது, கேஸ் சிலிண்டர் மாற்றுவது, சந்தைப் பையைத் தூக்குவது எல்லாம் மகன் வேலையாகட்டும்.

சரி, மகன். கண்டிப்பு பற்றி நீங்கள் கேட்டதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. தெம்பு குறைவாக இருக்கும்போது விதிகளும் குறைவாக இருக்க வேண்டும். இருபது விஷயத்துக்குக் கத்தினால் எதுவும் நடக்காது. இரண்டு விஷயத்தை எடுத்துக்கொண்டு விடாமல் நின்றால் போதும். அவனுக்கு முதல் விதி தூக்கம். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் தூக்கம் வேண்டும். இந்த வயதில் தூக்கம் வருகிற நேரமே உடம்பில் தள்ளிப்போகிறது, அதனால் ஒன்பதரை மணிக்குப் படு என்றால் அவனால் முடியாது. ஆனால் பள்ளிக்கு விடியுமுன் எழுந்தாக வேண்டும். பதினொரு மணிக்கு எல்லார் கைபேசியும் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். எல்லார் என்றால் உங்களுடையதும்தான். படுக்கையில் சாய்ந்துகொண்டு நீங்கள் யூடியூப் பார்த்தால் அவன் கேட்க மாட்டான். அவன் பழைய கைபேசி எதையாவது ஒளித்து வைத்திருந்தால் சண்டை போடாமல் அதையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருப்பான். நீங்கள் இருவரும் ஒரே குரலில் நிற்க வேண்டும். அம்மா பாவம் பார்த்து நடுராத்திரியில் எடுத்துக் கொடுத்துவிட்டால் மறுபடி முதலில் இருந்து.

இன்னொன்று. வயதான பெற்றோர் வீடுகளில் நான் அடிக்கடி பார்ப்பது: பெற்றோர் ஒன்பதரைக்கே படுத்துவிடுகிறார்கள், பிள்ளைகளுக்குப் பேச வாய் வருவதே பத்தரை மணிக்கு மேல்தான். மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டு, இரவில் உங்களில் ஒருவர் சமையலறையில் மைலோ கலக்கிக்கொண்டு விழித்திருங்கள். எதுவும் கேட்காதீர்கள். பக்கத்தில் வந்து நின்றால் ஒரு கப் கலந்து கொடுங்கள். டாக்டர் நடக்கச் சொன்னால் ஞாயிறு காலை தண்ணீர்மலைக் கோயில் பக்கத்துத் தாவரவியல் பூங்காவுக்கு இரண்டு பிள்ளைகளில் ஒருவரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். ஒருவரை மட்டும், மாற்றி மாற்றி. பக்கத்தில் நடக்கும்போது பிள்ளைகள் முகம் பார்க்காமல் நிறையப் பேசுவார்கள்.

அடுத்த ரிப்போர்ட் கார்டு நாளுக்கு மகளிடமே கேளுங்கள்: "நான் வரட்டுமா, கீழே கேன்டீனில் உட்கார்ந்திருக்கட்டுமா, சித்தப்பா வரட்டுமா?" அவள் சித்தப்பா என்றால் இந்தத் தடவை விட்டுக்கொடுங்கள்.

ஒரு மாதம் பாருங்கள். மகள் தொடர்ந்து பேசாமல், சாப்பாடு குறைந்து, தோழிகளையும் விட்டு ஒதுங்கினால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரி ஏதாவது சொன்னால், காத்திருக்காதீர்கள். பள்ளி ஆலோசக ஆசிரியரிடம் அன்றைக்கே பேசுங்கள். சுகாதார அமைச்சின் மனநல எண் 15555, தாலியான் காசே உதவி எண் 15999, இரண்டில் எதையும் அழைக்கலாம். தனியார் ஆலோசகரைத் தேடினால் 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று முதலில் கேளுங்கள், தமிழில் பேசுகிறவர்கள் பினாங்கிலேயே இருக்கிறார்கள். முதல் சந்திப்புக்கு மகளை அனுப்ப வேண்டாம். நீங்களும் மனைவியும் போய் உட்காருங்கள். மாத்திரைப் பையைப் பற்றி என்னிடம் எழுதியதை அங்கேயும் சொல்லுங்கள்.